மூச்சு பதினெட்டு

நர்சிங் படிக்கும் பெண்களின் நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். உலகத்தில் எல்லாரும் நிமிடத்துக்குப் பதினெட்டு தடவைதான் மூச்சு விடுகிறார்கள். கிழவர் பதினெட்டு, பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள் பதினெட்டு, மாடியேறி வந்து உட்கார்ந்த குண்டு மனிதரும் பதினெட்டு. ஆஸ்துமாக்காரர் என்றால் போனால் போகிறது என்று இருபது போடுவார்கள்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. பிரஷருக்குக் கருவி இருக்கிறது. மூச்சுக்கு ஒன்றும் கிடையாது. வாட்சைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதையும் சொல்லாமல் எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் தன்னையறியாமல் வேறு மாதிரி மூச்சு விட ஆரம்பித்துவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே கண்ணை நெஞ்சில் வைத்து எண்ணச் சொல்வார்கள். முப்பது கட்டில் உள்ள வார்டில் யாருக்கு அவ்வளவு பொறுமை? முதல் வாரத்திலேயே சீனியர் பெண்கள் காதோடு சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், பதினெட்டு போடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்று. யாரும் கேட்டதும் இல்லை.

மேனாம்பேட்டு எழிலரசியும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் வருடம். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்டால், சேவை செய்ய என்று வாய்கூசாமல் சொல்லுவாள். உண்மைக் காரணம் வேறு. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்கு அவரோடு போன நாட்களில் அங்கே ஒரு நர்ஸைப் பார்த்திருக்கிறாள். கத்திக்கொண்டிருக்கும் வரிசை முழுவதையும் அந்த அம்மாள் ஒரு பார்வையில் வாயடைத்துவிடுவாள். அந்தப் பார்வைக்காகவே எழிலரசி நர்சிங் படிக்க வந்தாள்.

அப்பா ஞானசேகரனுக்கு ஐம்பத்தொரு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில், காருக்குத் தகட்டுச் சாமான் அடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்தில் நின்று காது பாதி போய்விட்டது. வீட்டில் டி.வி. அலறும், பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டி.வி.யைப் போடாமலே நாடகம் கேட்டார்கள். நாலு வருடமாகப் பிரஷர். தினமும் காலையில் டீக்கு முன்னால் ஒரு மாத்திரை. அதைக் கொடுப்பது எழிலரசியின் வேலை. அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் திங்கள், செவ்வாய் என்று எழுதி வைத்திருப்பாள். நாலு வருடத்தில் ஒருநாள் கூடத் தவறவிட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கல்லூரியில் வைட்டல்ஸ் நோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். தேதி, காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர், குறிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். செமஸ்டர் முடிவதற்குள் நூறு வரி நிரப்பி ரேவதி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். நூறு பேருக்கு எங்கே போவது? அப்பாதான் அகப்பட்டார். வேலைவிட்டு ஆறரை மணிக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார்.

"இந்தாங்க சிஸ்டர், பாருங்க."

அவள் பார்த்து முடித்ததும் பாஸா, பெயிலா என்று கேட்பார். பிரஷர் எப்போதும் நூற்று நாற்பதுக்குக் குறையாது; சில நாள் நூற்று நாற்பத்தாறு. ஜஸ்ட் பாஸ் நைனா என்பாள். பள்ளிக்கூடத்தில் தானும் அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரிப்பார். அந்த அரைமணி நேரம் வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அம்மா கன்னியம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை செக்கிங் முடித்து வர ஏழரை ஆகிவிடும்.

அப்பாவின் கம்பெனி வாசலில் ஒரு போர்டு இருந்தது. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே எண் மாட்டியிருக்கும். வாட்ச்மேன் துலுக்கானம் தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணை மாற்றுவார். ஆயிரமாவது நாள் வந்தால் விழா, குடும்பத்தோடு பிரியாணி, ஆளுக்கொரு குக்கர் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஐந்து லிட்டரா, மூன்று லிட்டரா என்று ஆறு மாதமாகக் கேன்டீனில் இதே பேச்சு. மூன்று வருடத்துக்கு முன் எண் அறுநூற்று நாற்பதைத் தொட்டபோது ஒரு ஆளுக்கு விரல் நுனி போய்விட்டது. போர்டு பூஜ்யத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த ஆளுக்கு ஜீரோ என்று பெயர். யாரும் அவனைத் திட்டவில்லை, விரட்டவில்லை. ஜீரோ டீ சாப்டியா, ஜீரோ பஸ் வந்திச்சா என்றார்கள், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். இந்தக் கதையை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னவர் ஞானசேகரன்தான். அப்படிக் கூப்பிட்டவர்களில் அவரும் ஒருவர்.

போர்டில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று என்றிருந்த வியாழக்கிழமை, பதினோரு மணி வாக்கில், டிராலியில் அடுக்கியிருந்த இரும்புப் பெட்டிகளில் மேலே இருந்த ஒன்று சரிந்து ஞானசேகரனின் இடது விலாவில் மோதிக் கீழே விழுந்தது. அவருக்குக் கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. பார்த்த இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவரே கையை உதறி, ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றார். முதலுதவி அறைக்குப் போனால் அங்கே ரெஜிஸ்டர் இருக்கிறது. ரெஜிஸ்டரில் பெயர் ஏறினால் போர்டு இறங்கிவிடும். ஆயிரத்துக்கு ஒன்பது நாள் பாக்கி.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் அவரே எழிலரசியிடம் சொன்னார். நாற்காலியில் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர், பிறகு இன்னொரு சொம்பு. மார்கழி மாதம், ஆனாலும் ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள்.

விலாவை அழுத்திப் பார்த்தாள். வலித்தது. வீக்கம் இல்லை, கன்றிப்போகவும் இல்லை. நாடி பார்த்தாள், எழுபத்து நாலு. எப்போதும் அவருக்கு இருப்பதுதான். காயமோ ரத்தப்போக்கோ இருந்தால் நாடி நூறைத் தாண்டும் என்று முதல் வருடத்தில் படித்தது நினைவிருந்தது. தாண்டவில்லை. பிரஷர் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள், அதேதான். புத்தகத்தில் போட்டிருப்பது நூற்று இருபதுக்கு எண்பது. நாலு வருடத்தில் முதல் தடவையாக அப்பா புத்தகத்துக்குள் வந்திருக்கிறார்.

"நைனா, இன்னிக்கு நீ ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல நைனா. எல்லாம் நார்மல்."

டாக்டரிடம் போகலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். நீதான் பார்த்துவிட்டாயே என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொல்லவேண்டாம், சொன்னால் அவள் காலையில் கம்பெனி வாசலில் வந்து நின்றுவிடுவாள் என்றும் சொன்னார். எழிலரசி நோட்டை எடுத்து எழுதினாள். மூச்சுக் கட்டத்துக்கு வந்தபோது அவள் கை தானாகப் பதினெட்டு போட்டது. குறிப்புக் கட்டத்தை எப்போதும் காலியாக விடுவாள். அதற்கு மார்க் குறைப்பேன் என்று ரேவதி மேடம் போன வாரம்தான் சொல்லியிருந்தார். எழுத இன்றைக்கு ஒரு விஷயம் கிடைத்ததே என்று, 'இடது விலாவில் வலி. கம்பெனியில் பெட்டி இடித்தது' என்று அழகாக எழுதினாள்.

மறுநாள் காலை அவர் எழுந்ததும் இடது தோள் வலிக்கிறது என்றார். ஒரே பக்கமாகப் படுத்திருப்பார் என்று நினைத்து அவள் தைலம் தேய்த்துவிட்டாள். வெள்ளி என்று எழுதியிருந்த மாத்திரையைக் கொடுத்தாள். இட்லி ஒன்றரை சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எழிலரசி பூந்தமல்லி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

எஸ்டேட்டுக்குள் திரும்பும் முனையில், கம்பெனி கேட்டுக்கு நூறு அடி இருக்கும்போது வண்டியோடு சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் தேங்கியிருந்ததாக மார்ச்சுவரியில் சொன்னார்கள். அம்மாவுக்கு மண்ணீரல் என்றால் என்னவென்று தெரியவில்லை. எழிலரசிதான் தன் வயிற்றில் கைவைத்து இடத்தைக் காட்டினாள். காட்டும்போதே அவளுக்கு நேற்று தான் அழுத்திப் பார்த்த இடம் அதுதான் என்று தெரிந்துவிட்டது. வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

வண்டியிலிருந்து விழுந்ததால் ஹேண்டில் பார் குத்தி அடிபட்டது என்று கம்பெனியில் சொன்னார்கள். சூப்பர்வைசர் பரந்தாமன் மாலையோடு வந்து அதையே சொன்னார். டிராலிப் பக்கம் நின்றிருந்த அந்த இரண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். அடுத்த வாரமே வேறு எங்கோ அனுப்பப்பட்டுவிட்டார்கள். போர்டில் எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனது. ஆயிரமாவது நாள் விழாவை, ஞானசேகரன் இறந்துபோனதால், மைக் செட் இல்லாமல் எளிமையாக நடத்தினார்கள். மறுநாள் பரந்தாமன் வீட்டுக்கு வந்து ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார். ஐந்து லிட்டர் குக்கர். அம்மா அதைப் பிரிக்காமல் பீரோவுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தாள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆற்றாமை. துக்கம் கேட்க வந்தவர்கள், வராதவர்கள், காய்கறி வண்டிக்காரர் என்று எல்லாரிடமும் அதைத்தான் சொன்னாள்.

"இருவத்திரெண்டு வருசமா அதே ரோடு, அதே வண்டி. ஒரு நாள் கீழ போட்டதில்ல அந்த மனுசன். ஓட்டத் தெரியாம உய்ந்துட்டாருன்னு சொல்லிகினு கீறானுங்க."

எழிலரசி காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவின் கேள்விக்குப் பதில் அவளுடைய கல்லூரிப் பையில், வைட்டல்ஸ் நோட்டின் அறுபத்தோராவது வரியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் அப்பா வண்டியிலிருந்து விழுந்து சாகவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கூடவே, முதல்நாள் சாயங்காலமே மகளுக்குத் தெரியும், மகள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னாள் என்பதும் தெரிந்துவிடும். காட்டாவிட்டால் அப்பா வண்டி ஓட்டத் தெரியாதவராகவே போய்ச் சேருவார். அவளால் இரண்டில் எதையும் செய்ய முடியவில்லை. நோட்டைப் பையின் அடியில் வைத்து மேலே யூனிபார்மை மடித்து வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கல்லூரிக்குப் போனபோது, நோயில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்கிற பாடத்தில் அதிர்ச்சி நிலையை எடுத்துக்கொண்டிருந்தார் ரேவதி மேடம். ரத்தம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து சமாளிக்கும் என்றார். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், தாகம் எடுக்கும், குளிரிலும் வியர்க்கும். பிரஷர் கடைசியில்தான் விழும். விழும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். போர்டில் கோடு போட்டு அம்புக்குறி இழுத்துக்கொண்டே போனார். மண்ணீரல் அடிபட்டிருந்தால் சில பேருக்கு இடது தோளில் வலிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழிலரசியின் கையில் தைல வாசனை அடிப்பதுபோல் இருந்தது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி, நாடி எப்போதும் ஏறிவிடுமா என்று கேட்டாள். பிரஷருக்காக இதயத்தை நிதானமாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏறாது என்றார் மேடம். உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கும், நாடி பாட்டுக்கு எழுபதில் நிற்கும். வழக்கமாக நூற்று நாற்பது இருக்கிறவருக்கு ஒருநாள் நூற்று இருபது வந்தால், புத்தகத்தைப் பார்த்து நார்மல் என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அவருக்கு அது நார்மல் கிடையாது, விழுந்துகொண்டிருக்கிற பிரஷர்.

"அப்ப எதைத்தான் மேடம் நம்பறது?"

"மூச்சை. அது பொய் சொல்லாது. ஆனா நீங்க யாரும் எண்ண மாட்டீங்க, பதினெட்டுன்னு போடுவீங்க. எனக்குத் தெரியாதா? நானும் அப்படிப் போட்டு வந்தவதானே."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ரேவதி மேடமும் சிரித்தார். நல்ல மனுஷி; யார் மனதையும் நோகடிக்காதவர். எழிலரசியின் அப்பா எப்படி இறந்தார் என்று அவருக்கு யாரும் விவரமாகச் சொல்லியிருக்கவில்லை. வண்டியில் போகும்போது விழுந்துவிட்டார் என்றுதான் கல்லூரியில் தெரியும். எழிலரசி பையைத் திறந்து, யூனிபார்முக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். எழுபத்து நாலு. பதினெட்டு. நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. பக்கத்தின் கீழே, அன்று காலை எல்லார் நோட்டையும் மொத்தமாக வாங்கி மேடம் சிவப்பு மையில் போட்ட டிக், கையெழுத்து. மாத்திரை நாடியை மறைத்தது. அந்த மாத்திரையை ஒருநாள் தவறாமல் கொடுத்தவள் அவள். பழைய பிரஷர் அதிகமாக இருந்ததால் விழுந்த பிரஷர் நார்மல்போல் தெரிந்தது. மறைக்காமல் நெஞ்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது ஒன்றுதான். அதை அவள் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு தபால் வந்திருந்தது. ஞானசேகரன் எங்கே, எப்படி அடிபட்டார் என்று விசாரிக்க அடுத்த புதன்கிழமை மனைவி நேரில் வரவேண்டுமாம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். அரசாங்கத் தமிழ் அவளுக்குப் பிடிபடாது. என்ன சொல்வது, வண்டியிலிருந்து விழுந்தார் என்று நானே என் வாயால் சொல்லிவிட்டு வரவேண்டுமா என்று கேட்டாள்.

எழிலரசி நோட்டை எடுத்து அம்மாவின் மடியில் விரித்து வைத்தாள். விரலால் அந்த வரியைக் காட்டினாள். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள். இடது விலாவில் வலி. கம்பெனியில் பெட்டி இடித்தது. தேதியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

எழிலரசி எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, போர்டு, ஜீரோ, அம்மாவிடம் சொல்லாதே என்றது, தண்ணீர் கேட்டது, ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று தான் சொன்னது, தோளுக்குத் தைலம் தேய்த்தது. பிறகு இன்று வகுப்பில் கேட்டதையும் சொன்னாள். அம்மா நோட்டை இன்னும் கிட்டே இழுத்தாள். மூச்சுக் கட்டத்தில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டாள்.

"மூச்சும்மா. ஒரு நிமிஷத்துக்கு எத்தினி வாட்டின்னு."

"பதினெட்டுன்னு போட்டுகீது. அதுல தப்பு இன்னா?"

"நான் எண்ணவே இல்லம்மா. சும்மா போட்டேன்."

"அப்ப அவுருக்கு எத்தினி இருந்திச்சி?"

"தெரியாது."

இனி யாருக்கும் தெரியாது. இருபத்தாறு இருந்திருக்கலாம், முப்பது இருந்திருக்கலாம். எண்ணியிருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்குமா, அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாரா, வந்திருந்தால் பிழைத்திருப்பாரா, எதுவும் தெரியாது. அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டாள்.

"அத்த எண்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்தானா."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் அரிசி களைந்தாள். திட்டியிருந்தால், அடித்திருந்தால், எழிலரசி தாங்கியிருப்பாள். அந்த ஒரு நிமிஷம்தானா என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அம்மா அவளிடம் வேலைக்கான பேச்சு மட்டும் பேசினாள். டிபன் பாக்ஸ் எடுத்துக்கோ, கதவைச் சாத்திக்கோ, மோட்டார் போடு. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

புதன்கிழமை இருவரும் போனார்கள். விசாரித்த அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார், நான்தான் என்றாள் எழிலரசி. பக்கத்தின் கீழே இருந்த கல்லூரிக் கையெழுத்தையும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். இது முக்கியமான ஆதாரம் என்றார். பரிவாகத்தான் பேசினார். ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, நர்சிங் படிக்கிற பொண்ணு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கலாமே அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். எழிலரசி தலை குனிந்தாள்.

"அத்த ஊட்ல நாங்க பேசிக்கறோம் சார்" என்றாள் கன்னியம்மாள்.

வீட்டில் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பெனி இருக்கும் ரோட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து போர்டு தெரியாது.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. எழிலரசிக்கு வார்டு போஸ்டிங் ஆரம்பித்திருந்தது. ஒரு மணிக்கட்டையும் பிடிக்க அவளுக்குக் கை வரவில்லை. தோழிகளை எண்ணச் சொல்லிவிட்டு, தான் காய்ச்சல் மட்டும் பார்த்தாள். படிப்பை நிறுத்திவிடலாமா, அம்மாவின் கம்பெனியிலேயே செக்கிங் வேலைக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள். நோட்டில் இன்னும் முப்பத்தொன்பது வரி பாக்கி இருந்தது. அப்பாவின் வரிக்குக் கீழே எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆறரை மணி இருக்கும். எழிலரசி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்து அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா போனபிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. துணிதான் போட்டு வைத்திருந்தார்கள். உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள்.

"எழிலு. பாரு."

எழிலரசி எழுந்து பிரஷர் கருவியை எடுக்கப் போனாள். அம்மா தலையை ஆட்டினாள்.

"அதெல்லாம் வாணாம். மூச்ச எண்ணு."

"சொல்லிட்டு எண்ணினா சரியா வராதும்மா. மாறிடும்."

"மாறட்டும். நீ எண்ணு."

எழிலரசி தரையில் மண்டியிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக் காய்ப்பேறிய கை. வாட்சின் சிவப்பு முள் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் ஒரு ஆட்டோ போனது, திரும்பி வந்தது. ஏழு, எட்டு. முள் இன்னும் அரை வட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. இந்த நாற்காலியில், இந்த ஃபேனுக்கு அடியில் இப்படித்தான் அவருடைய நெஞ்சும் ஏறி இறங்கியிருக்கும், தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும், பார்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பதினாலில் அம்மாவின் மூச்சு இழுத்து நின்றது. தோள் குலுங்கியது. எழிலரசிக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, கையை விடாமல், எண்ணிக்கையையும் விடாமல் முள்ளையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினெட்டு வந்தது. அதைத் தாண்டி எண்ணினாள். சிவப்பு முள் பன்னிரண்டைத் தொட்டது.

"எத்தினி?"

"இருவத்தஞ்சு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு நிமிஷம்னா நீட்டமாத்தான் கீது" என்றாள். பிறகு, "எழுது" என்றாள்.

எழிலரசி பையிலிருந்து நோட்டை எடுத்து, அப்பாவின் வரிக்குக் கீழே தேதி போட்டு, மூச்சுக் கட்டத்தில் இருபத்தைந்து என்று எழுதினாள்.